ஹெவி ஒர்க்

பள்ளிக்கூடத்து மிஸ் சொன்னது இரண்டே எழுத்துதான். ஓ.டி. சேலையூரில் சொன்ன அந்த இரண்டெழுத்து மாடம்பாக்கம் வந்து சேர்வதற்குள் ஏகநாதன் வீட்டில் எழவு விழுந்தது போல ஆகிவிட்டது. வினிதா பள்ளிக்கூட வாசலிலிருந்து போனில் சொன்னதை, அவள் ஸ்கூட்டியில் வீடு வந்து மகளை இறக்குவதற்குள், அவள் புருஷன் குமரவேல் தன் அப்பா ஏகநாதனிடம் ஒப்பித்து முடித்திருந்தான்.

குமரவேலுக்கு ஓ.டி. என்றால் ஓவர்டைம். தண்ணீர் கேன் ஏஜென்சியில் அப்பாவுக்குக் கை கொடுக்க வருவதற்கு முன்னால் மறைமலைநகரில் கம்பெனி வேலை பார்த்தவன். எல்.கே.ஜி. முடித்த பிள்ளைக்கு எதற்கு ஓவர்டைம் என்று விளங்காமல் நின்றான். ஏகநாதனுக்கு அந்தக் குழப்பமே இல்லை. அவர் மனைவி சரோஜினியை ஆஸ்பத்திரியில் ஓ.டி. என்று எழுதிய கதவுக்குள் தள்ளிக்கொண்டு போனதை அவர் பார்த்திருக்கிறார். அந்த அம்மா திரும்பி வரவில்லை.

"எங்க அறுக்கப் போறானுங்களாம்? சொல்லு வினிதா. மண்டையிலயா?" என்று கேட்டார்.

"அறுக்கறதெல்லாம் இல்ல மாமா. இது வேற ஓ.டி. ஆக்குபேஷனல் தெரபி. பயிற்சி குடுப்பாங்க, விளையாட வெப்பாங்க."

"வெள்ளாட்றதுக்கு இன்னாத்துக்கு டாக்டரு? வூட்ல எடமா இல்ல?"

இடம் இருந்தது. பிள்ளைதான் விளையாடவில்லை. எண் கணிதம் பார்த்து சஷ்விகா என்று வைத்த பெயர் யார் வாயிலும் நுழையாமல், எல்லோருக்கும் பாப்பா, தாத்தாவுக்கு மட்டும் அவர் அம்மாவின் பெயரால் கெங்கம்மா. எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். சாம்பார்க் கிண்ணத்தில் சாய்த்து வைத்த போனில் ஒரு நீல முயல் இங்கிலீஷில் கத்திக்கொண்டிருக்க வேண்டும். அப்போதுதான் வாய் திறக்கும். சோறு உதட்டில் பட்டால் திறக்கும், உள்ளே போனால் மூடும், கண் மட்டும் முயலை விட்டு நகராது. நடுவில் ஆர்டர் சொல்ல யாராவது கூப்பிட்டால் ஒரு விரலால் தள்ளிவிடுவாள். கேன் கேட்ட வீட்டுக்காரர்கள் அப்புறம் கடைக்கு வந்து குமரவேலைத் திட்டிவிட்டுப் போவார்கள். யார் முதலில் போனைக் கையில் கொடுத்தது என்று அந்த வீட்டில் கேட்டால் மூன்று பேரும் மூன்று பேரைக் காட்டுவார்கள்.

பள்ளிக்கூடத்தில் முயல் கிடையாது. டிபன் நேரத்தில் பக்கத்தில் இருந்த குழந்தை பாவம் பார்த்து இட்லியைப் பிய்த்து ஊட்டப் போக, பாப்பா அந்தக் கையைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்துவிட்டது.

"ஜூன்ல யு.கே.ஜி.க்கு வரணும்னா பிரின்சிபல் மேடம் ஒரு தெரபிஸ்ட்கிட்டேயிருந்து ஒரு வார்த்தை கேக்கறாங்க," என்றிருந்தாள் மிஸ். "மத்த பேரன்ட்ஸ் எல்லாம் பிரஷர் பண்றாங்க. நீங்களும் புரிஞ்சிக்கணும்."

வினிதாவுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் மகளைக் கூட்டிக்கொண்டு தெரபிஸ்ட்டைத் தேடிப் போனாள்.

கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்த இடம். உத்தரத்தில் ஓர் ஊஞ்சல், பெரிய ரப்பர் பந்து, மூலையில் மணல் மூட்டைகள். வேதா என்கிற தெரபிஸ்ட் வெள்ளைக் கோட்டு எதுவும் போட்டிருக்கவில்லை. சுரிதாரோடு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். போன் கிடைக்காத கோபத்தில் பாப்பா தரையில் விழுந்து கத்தினாள். வேதா அவளைத் தூக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. மூட்டை ஒன்றில் கயிற்றைக் கட்டி, கயிற்றின் நுனியை அவள் கைப்பக்கம் போட்டுவிட்டு வினிதாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் மூட்டை தரையில் உராய்கிற சத்தம் கேட்டது. பாப்பா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துக்கொண்டிருந்தாள். கத்தல் எப்போது நின்றதென்று வினிதாவுக்குத் தெரியவில்லை.

"பாத்தீங்களா? இவ உடம்பு வேலை கேக்குதும்மா," என்றாள் வேதா. "தள்ளணும், இழுக்கணும், எதையாவது அழுத்தணும். அது கிடைக்கலைன்னா உள்ளே ஒரே பரபரப்பு. போன் குடுத்தா அசையாம ஒக்காந்துடறா, நாமளும் அமைதியாயிட்டான்னு நினைச்சுக்கறோம். பரபரப்பு எங்கேயும் போகலை. போனை வாங்கின உடனே மொத்தமா வெளியே வருது."

"அப்போ போனையே குடுக்கக் கூடாதா மேடம்?"

"திடீர்னு பிடுங்கினா உங்களைத்தான் கடிப்பா. சாயங்காலம் ஒரு நேரம் வெச்சுக்கோங்க, ஒரே இடம், ஹால்ல, எல்லாரும் இருக்கறப்போ. கடைசிப் பாட்டுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. முடிஞ்சதும் அவ கையாலயே ஆஃப் பண்ணட்டும். ஆனா சாப்பாட்டுல கூடாது. சாப்பிடறப்போ வீட்ல யார் போனும் அவ கண்ணுல படக்கூடாது. சாப்பாட்டுக்கு முன்னாடி தினமும் இந்த மாதிரி தள்ற, இழுக்கற ஹெவி ஒர்க் குடுங்க. உங்க வீட்ல என்ன பிசினஸ்?"

"தண்ணி கேன் ஏஜென்சி."

வேதா வாய்விட்டுச் சிரித்தாள். "அப்புறம் என்னம்மா? நான்தான் உங்க கடைய வாடகைக்குக் கேக்கணும்."

வினிதாவால் சிரிக்க முடியவில்லை. "ஸ்கூலுக்கு எப்ப மேடம் சொல்லுவீங்க?"

"வீட்ல எல்லாரோடயும் ஒக்காந்து, போன் இல்லாம, தன் கையால ஒரு சாப்பாடு முழுசா சாப்பிடட்டும். அன்னிக்கே நான் பிரின்சிபல்கிட்ட பேசறேன். ஆனா ஒண்ணு, வீட்ல எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும். ஒருத்தர் ரகசியமாக் குடுத்தாலும் போச்சு."

ஒரு சாப்பாடு. கேட்பதற்குச் சின்ன விஷயம்தான்.

அன்று சாயங்காலம் குமரவேல் லோடு ஆட்டோவிலிருந்து காலி கேன்களை இறக்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். அவனுக்கு எதையும் பக்குவமாகச் சொல்லத் தெரியாது.

"டாக்டரம்மா பாப்பாவுக்கு ஹெவி ஒர்க் குடுக்கச் சொல்ட்டாங்கப்பா. கேன் தள்ளணுமாம்."

கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இடுப்புப் பட்டையோடு உட்கார்ந்திருந்த ஏகநாதன் நிமிர்ந்தார். "கூலி வேலைன்றியா?"

"அது இல்லப்பா..."

"பின்ன இன்னா? ஹெவி ஒர்க்குன்னா எனக்குத் தெரியாதா? எங்கப்பன் ஏரிக்கரையில ஏர் ஓட்னாரு. நெலம் பிளாட்டாச்சி. அதுல வந்த துட்டு தங்கச்சிங்க கல்யாணத்தோட போச்சி. நான் கேன் தூக்குனேன். தோள்ல வெச்சிகினு மூணாவது மாடி. லிப்ட் கீற வூட்லயும் லிப்ட்ல வராத, தண்ணி சொட்டும்னு சொல்வானுங்க. தா பாரு, முதுகு போயி குந்திகினு கீறேன். எம்பேத்தியும் கேன் தூக்கறதுக்கா இங்கிலீசு ஸ்கூலுக்குப் பீஸ் கட்டிகினு கீறோம்?"

குமரவேல் பெண்டாட்டியைப் பார்த்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமனாருக்கு எதிர்ப்பேச்சு பேசி அவளுக்குப் பழக்கமில்லை. ஆனால் மறுநாள் மத்தியானம் பாப்பாவைக் கையைப் பிடித்து ஷெட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. தகர ஷெட்டுக்குள் காலை வைத்தாலே முகத்தில் அனல் அடித்தது. ஒரு பக்கம் பிளான்டிலிருந்து வந்த தண்ணீர் கேன்கள் அடுக்கி இருந்தன. இன்னொரு பக்கம் காலி கேன்கள். வினிதா தினமும் ஒவ்வொரு காலி கேனின் வாயையும் முகர்ந்து பார்ப்பாள். சில வீட்டில் பினாயில் ஊற்றி வைத்திருப்பார்கள், சில வீட்டில் மண்ணெண்ணெய். அவற்றைத் தனியே ஒதுக்க வேண்டும். அன்று ஒரு நல்ல கேனில் கால் பங்கு தண்ணீர் ஊற்றி மூடி, படுக்க வைத்தாள்.

"பாப்பா, இத்த அந்தச் செவுரு வரைக்கும் தள்ளிகினு போ பாக்கலாம்."

பாப்பா கேனை உதைத்தாள். விழுந்து புரண்டாள். "முயல் வேணும், முயல் வேணும்" என்று தொண்டை கிழியக் கத்தினாள். தூக்கப் போன வினிதாவின் முன்கையில் பல் பதிந்தது. அவள் கையை உருவிக்கொண்டு சும்மா நின்றாள். வலியைவிடத் தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பது அதிகமாக எரிந்தது. உதைபட்ட கேன் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. உள்ளே தண்ணீர் களக் களக்கென்று ஆடியது. பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தாள். தவழ்ந்து போய்க் கேனில் காதை வைத்தாள். பிறகு இரண்டு கையாலும் தள்ளினாள். களக். மறுபடியும் தள்ளினாள். முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, ஷெட்டின் அந்த முனைக்கும் இந்த முனைக்குமாகப் போய் வந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சாம்பசிவன் வந்து நின்றார். எதிர் காலனிக்காரர், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். நல்ல மனிதர், வாய் மட்டும் சும்மா இருக்காது. ஸ்கூட்டர் முன்னால் காலி கேனை வைத்தபடி எட்டிப் பார்த்தார்.

"என்ன ஏகநாதன், புது ஆள் போட்டுட்டீங்களா? சம்பளம் எவ்வளவு பேசியிருக்கீங்க?"

சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். வாசல் நாற்காலியிலிருந்த ஏகநாதனும் சிரிப்பது போல உதட்டை இழுத்தார். ஸ்கூட்டர் கிளம்பியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஷட்டர் கம்பியை மாட்டி இழுத்தார். ஷட்டர் பாதி வரைக்கும் சடசடவென்று இறங்கியது.

"பண்றதுதான் பண்ற, உள்ள வெச்சிப் பண்ணு. ஊரு சிரிக்குது."

அன்றிலிருந்து பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால்தான் ஹெவி ஒர்க் நடந்தது. காற்று வராது. அம்மாவும் மகளும் வேர்வையில் நனைந்து வெளியே வருவார்கள். ஆனாலும் பலன் தெரிந்தது. ஒரு நாள் பாப்பா நின்றபடியே தயிர்சாதத்தை உருட்டித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். கூடவே உருளைக்கிழங்கு. நாலு வாய்தான். வினிதா அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

பிறகு ஏனோ எல்லாம் தலைகீழாகப் போயிற்று. மத்தியானம் தட்டைத் தள்ளிவிட்டாள். ராத்திரியும் அதே கதை. சாயங்காலம் ஹாலில் கொடுக்கும் போனைக் கடைசிப் பாட்டு முடிந்ததும் தானே அணைத்தவள், இப்போது அதைச் சுவரில் விட்டெறிந்தாள். ஜூன் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நீங்கதான் போன் குடுக்கறீங்க," என்றாள் வினிதா புருஷனிடம்.

"ஈஸ்வரன் மேல சத்தியமா இல்ல வினி. காலைலேர்ந்து கேன் தூக்கிகினு லோலோன்னு சுத்திகினு கீறேன். நான் எப்ப குடுத்தேன்?"

"பின்ன யாரு? நானா?"

"அத்த எங்கிட்ட கேட்டா? ஒரே பேஜாரா கீது இந்த வூட்ல!"

ஒரு மத்தியானம் கரண்டு போயிற்று. ஷெட்டில் காலி கேன்களை முகர்ந்து அடுக்கிக்கொண்டிருந்த வினிதா விசிறி எடுக்க வீட்டுக்குள் வந்தாள். ஃபேன் ஓடாததால் வீடே நிசப்தமாக இருந்தது. மாமனார் அறையிலிருந்து மெல்லிசாக அந்த முயலின் குரல் கேட்டது.

கதவு ஒருக்களித்திருந்தது. ஜன்னலைச் சாத்திய இருட்டில் ஏகநாதன் கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். மடியில் பாப்பா. அவள் கையில் அவருடைய போன். அவர் கை அவள் தலையைத் தடவிக்கொண்டிருந்தது.

வினிதாவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கடிபட்ட கை, அனல், புருஷனோடு போட்ட சண்டை எல்லாம் ஒன்றாகத் திரண்டு வாய்க்கு வந்தன.

"மாமா!"

ஏகநாதன் திடுக்கிட்டார். போனை மறைக்கப் பார்த்தார். பாப்பா அதை விடவில்லை.

"எத்தினி நாளா மாமா இது?"

"கத்தாத. புள்ள பயப்படும்."

"எத்தினி நாளான்னு கேட்டேன்."

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "உங்க மாமியாரு போனப்பறம் இந்த ரூம்புக்குள்ள யாரு வர்றா? நீ ஷெட்ல கீற, அவன் வண்டில கீறான். நான் கூப்ட்டா இது வர்தில்ல. போன் காட்னாதான் வந்து மடில குந்துது. அந்தக் கொஞ்ச நேரந்தான் எனக்கு. அத்தயும் புடுங்கிக்கினா நான் இன்னா பண்ணுவேன்?"

வினிதா இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்காகத் திரட்டி வைத்திருந்த வார்த்தைகள் நழுவிப் போயின. ஆனால் ஜூன் மாதம் நழுவாமல் அங்கேயே நின்றது.

"மாமா, அவ உங்க மடில இல்ல," என்றாள். குரல் தானாக இறங்கியிருந்தது. "அவ போன்ல கீறா. நீங்க நாற்காலி மாதிரி கீழ கீறீங்க, அவ்ளோதான். வேணும்னா கூப்ட்டுப் பாருங்க."

ஏகநாதன் குனிந்தார். "கெங்கம்மா."

முயல் கத்திக்கொண்டிருந்தது.

"கெங்கம்மா, தாத்தாவப் பாரு. தா, இங்க பாரு." கன்னத்தைத் தொட்டார். பாப்பா ஈயை விரட்டுவது போல அவர் கையைத் தட்டிவிட்டாள். கண் நகரவில்லை. அவர் போனை மெதுவாக அவள் கையிலிருந்து எடுத்தார். எடுத்த அந்தக் கணமே அவள் அவர் மார்பில் குத்தினாள், முகத்தைப் பிறாண்டினாள். மடியிலிருந்து சரிந்து இறங்கி, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் கத்திக்கொண்டே வெளியே ஓடினாள்.

ஏகநாதன் வெறும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வினிதாவுக்கு அழுகை வந்தது. அவருக்காகத்தான் வந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் மகள் பின்னால் ஓடினாள்.

அடுத்த இரண்டு நாள் ஏகநாதன் தன் அறையிலேயே கிடந்தார். சோறு போட்டால் சாப்பிட்டார். நாற்காலியைக்கூட வாசலில் போடவில்லை. "உங்கப்பாகிட்ட நான் இன்னும் கொஞ்சம் பொறுமையா பேசியிருக்கணும்," என்று வினிதா குமரவேலிடம் சொன்னாள். "வுடு, வரும் போது வர்ட்டும்," என்றான் அவன். அவனுக்கும் உள்ளுக்குள் பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வினிதா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்து, பாப்பாவுக்குப் பருப்புச் சோறும் நெய்யும் தனியாக எடுத்து வைத்தாள். வீட்டிலிருந்த போன்களையெல்லாம் அரிசி டின்னுக்குள் போட்டு மூடினாள். யாரும் கேட்காமலே ஏகநாதன் தன் போனையும் கொண்டுவந்து அதில் போட்டார்.

ஷெட்டுக்குள் பாப்பா கேனைப் படுக்க வைத்துத் தள்ள ஆரம்பித்த நேரம், வெளியே கம்பி மாட்டுகிற சத்தம் கேட்டது. பாதி இறங்கியிருந்த ஷட்டர் சடசடவென்று மேலே போயிற்று. வெயிலும் காற்றும் ஒன்றாக உள்ளே வந்தன. இடுப்பைப் பிடித்தபடி ஏகநாதன் நின்றுகொண்டிருந்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஷெட்டின் மறு முனையில் உட்கார்ந்தார்.

"ஏ கெங்கம்மா, இங்க தள்ளு."

அவள் திரும்பவில்லை. ஆனால் கேன் அந்தப் பக்கம்தான் உருண்டது. அவர் அதைக் காலால் நிறுத்தி, பாதத்தால் திருப்பி அனுப்பினார். களக். பாப்பா கேனைப் பார்த்தாள். அது எந்தக் காலிலிருந்து வந்தது என்று பார்த்தாள். மறுபடியும் தள்ளினாள், இந்த முறை வேகமாக. அவர் திருப்பி அனுப்பினார். போகப் போக அவர் நெற்றியில் வேர்வை கோத்தது, முகம் வலியில் சுருங்கியது. நிறுத்தவில்லை.

சாம்பசிவன் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"என்ன ஏகநாதன், ஞாயித்துக்கிழமைகூட டியூட்டியா?"

ஏகநாதன் கேனைத் திருப்பி அனுப்பிவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "ஆமா சார். ஓ.டி. பாக்குது."

சாம்பசிவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுக் கேனை வாங்கிக்கொண்டு போனார். கேனை எடுத்துக் கொடுத்த குமரவேல் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான்.

மாமனாரால் தரையில் உட்கார முடியாது என்பதால் சாப்பாட்டை வினிதா ஷெட்டுக்கே கொண்டுவந்தாள். ஏகநாதன் முக்காலியில் உட்கார்ந்து தட்டைத் தாழ்வாக முழங்காலில் வைத்துக்கொண்டார். குமரவேலும் வினிதாவும் தரையில். பாப்பா தன் தட்டோடு எங்கே உட்காருவதென்று சுற்றிச் சுற்றி வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கெட்டுவிடும் என்று எல்லோருக்கும் பயம். கடைசியில் தாத்தாவின் பாதத்தின் மேல் தொப்பென்று உட்கார்ந்தாள். கேனைத் திருப்பி அனுப்பிய அதே பாதம். ஏகநாதன் மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

பருப்புச் சோறு ஒரு வாய் போயிற்று. இன்னொரு வாய். கை, கன்னம், கவுனெல்லாம் சோறு. பாதித் தட்டு காலியானபோது வீட்டுக்குள் அரிசி டின்னிலிருந்து போன் அடித்தது.

பாப்பாவின் கை நின்றது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். அதற்குள்ளேதான் முயல் இருக்கிறது. குமரவேல் எழப் பார்த்தான். வினிதா கண்ணால் அவனை அமர்த்தினாள். போன் அடித்து ஓய்ந்தது. உடனே மறுபடியும் அடித்தது. பாப்பா வீட்டுப் பக்கம் பார்த்தாள். எழுந்திருக்கப் போவது போல முழங்காலை மடக்கினாள். ஏகநாதன் பாதத்தின் கட்டை விரலை மட்டும் அவளுக்கு அடியில் லேசாக அசைத்தார். அவள் குனிந்து அந்த விரலைப் பார்த்தாள். மறுபடியும் அசைந்தது. அவள் அதை அமுக்கிக்கொண்டு நன்றாக உட்கார்ந்தாள்.

போன் ஓய்ந்தது. பருப்புச் சோறு கடைசிப் பருக்கை வரைக்கும் தீர்ந்தது. தட்டில் ஒன்றுமில்லாமல் போனதும் பாப்பா எட்டி, தாத்தாவின் தட்டிலிருந்து ஒரு நெத்திலியை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். கண் கலங்கியது. தலையைத் தூக்கி நேராக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"தாத்தா, காரம். தண்ணி."

ஏகநாதனுக்கு வாய் கோணியது. "தண்ணி!" என்று கத்தினார். "டேய், புள்ள தண்ணி கேக்குதுடா!"

குமரவேலும் வினிதாவும் ஒரே நேரத்தில் எழுந்து முட்டிக்கொண்டார்கள். ஷெட் நிறைய, சுவர் உயரத்துக்குத் தண்ணீர். ஊற்றிக் கொடுக்க ஒரு டம்ளர் இல்லை. "கடை வெச்சிகினு கீறான் பாரு கடை, ஒரு டம்ளருக்கு வக்கில்ல!" என்று ஏகநாதன் மகனைத் திட்டினார். திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். எழுந்து உதவ அவரால் முடியாது, பாதத்தின் மேல் பேத்தி இருந்தாள். குமரவேல் புதுக் கேனின் சீலைப் பிய்த்தான். வினிதா டம்ளருக்காக வீட்டுக்குள் ஓடினாள்.

அரிசி டின்னுக்குள் போன் மூன்றாவது தடவையாக அடித்துக்கொண்டிருந்தது. காலனியில் யாருக்கோ அவசரமாகக் கேன் வேண்டும் போலிருக்கிறது.

"இருங்க," என்றாள் வினிதா டின்னைப் பார்த்து, டம்ளரை எடுத்துக்கொண்டு. "எங்க வூட்டுக்குக் குடுத்துட்டு வர்றேன்."